பால் கணக்குக் காலண்டரில் ஈசலும் ஆறுமணிக்குருவியும்

இளவேனில், முதுவேனில், கார், கூதிர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் வெளியே பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநிழலில் கிடக்கிற காடு இது. இங்கே வருடம் என்பது வெயில், காற்று, மழை, பனி. அதிலும் காற்றுக்குத்தான் மரியாதை அதிகம். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்தால் புரட்டாசி வரைக்கும் துணி காயப்போட முடியாது, வாசலில் ஒரு முறம் தானியம் புடைக்க முடியாது. கேரளாவில் கொட்டுகிற மழை எங்களுக்கு வெறும் ஊதலும் தூறலுமாகத்தான் வந்து சேரும். எங்களுக்கான மழை ஐப்பசி, கார்த்திகையில். நல்ல வருடத்தில் எல்லாம் சேர்த்து 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் ஊரே குளிர்ந்துவிடும்.

வீட்டை ஒட்டி கொரங்காடு. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், சுற்றிலும் கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் நிலம், உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதில் செம்மறியும் மாடும் மாற்றி மாற்றி மேயும். தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, உழுவது எப்போதாவதுதான், மருந்து அடிக்கிற பேச்சே இல்லை. அதனாலேயே சுற்றியுள்ள தென்னந்தோப்புகளில் பார்க்க முடியாத பலதும் இங்கே சாதாரணமாக நடமாடும். கௌதாரி, காடை, முயல், கீரி, உடும்பு, புல்லுக்குள் சுருட்டை விரியன், எல்லாம் உண்டு.

கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றாலும் எழுதி வைக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு ஒழுங்கு தெரிய வந்தது. எழுதுகிற இடம் பால் கணக்குக் காலண்டர். சொசைட்டிக்குக் காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை லிட்டர் என்று குறிக்க அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குமே, அதேதான். கட்டத்தில் கணக்கு போக மிச்சமிருக்கிற மூலையில் இரண்டே வார்த்தை: ‘வேம்பு பூ’, ‘ஈசல், அந்தி’, ‘தகைவிலான் கம்பியில்’. நோட்டுப் போட்டு, கோடு கிழித்து, பேனா தேடி எழுதுவதென்றால் மூன்றாம் நாளே நின்றுபோயிருக்கும். பால் கணக்கு நிற்காது, மாடு கறக்கிற வரைக்கும் எழுதித்தான் ஆக வேண்டும், கூடவே இதுவும் ஓடிவிடுகிறது. கட்டத்தில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் இரண்டும் இருப்பது பெரிய வசதி, அமாவாசை பௌர்ணமியும் அச்சடித்தே வரும். வருடம் முடிந்ததும் கழற்றிச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். “பால் கணக்குல பூச்சிக் கணக்கு எழுதறவள நான் இங்கதான் பாக்கறேன்” என்று அத்தை சொல்வார்கள். ஆனால் முதல் ஈசல் பறந்த அன்றைக்கு “கண்ணு, எழுதிப்போட்டியா?” என்று ஞாபகப்படுத்துவதும் அவர்கள்தான்.

எழுதும்போது வந்ததை மட்டும் எழுதாமல் வராததையும் எழுதுங்கள். ‘குயில் இன்னும் இல்லை’ என்று மாசியில் ஒரு வரி இருந்தால்தான் அடுத்த வரியில் வருகிற ‘குயில்’ என்ற சொல்லுக்கு மதிப்பு. டீக்கடையில் யாராவது “போன வருசம் தையிலயே குயில் கூவிருச்சு” என்று அடித்துப் பேசுவார்கள், பரணில் இருப்பதை எடுத்துப் பார்த்தால் மாசிக் கடைசி என்றிருக்கும்.

காற்றுக் காலத்திலிருந்து தொடங்குகிறேன். ஆனியில் வேப்பம்பழம் பழுத்து உதிர ஆரம்பிக்கும். கொண்டைக்குருவி, மைனா, குயில் மூன்றும் மரத்தைவிட்டு நகராது. பழத்தைத் தின்றுவிட்டு வேலி மேல் உட்கார்ந்து கொட்டையைப் போடுவதால்தான் கிளுவை வேலி நெடுக யாரும் நடாத வேம்பு முளைத்து நிற்கிறது. நாங்களும் வேப்பங்கொட்டை பொறுக்குவோம், ஆனால் வேலியோரம் விழுந்ததை விட்டுவிடுவது வழக்கம்.

இந்தக் காற்றில் பார்க்க வேண்டியது தூக்கணாங்குருவி. கிணற்று மேட்டில் இரண்டு பனை நிற்கிறது. இரண்டிலும் கூடுகள் எல்லாம் கிழக்குப் பக்கத்து ஓலைகளில்தான் தொங்கும், மேற்குப் பக்கம் மொட்டையாக இருக்கும். காற்று தென்மேற்கிலிருந்து அறைகிறது, மரத்தின் மறைவில் கட்டினால் ஆட்டம் குறைவு. ஆண் குருவி பாதிக் கூட்டைத் தலைக்கவசம் மாதிரி கட்டி நிறுத்திவிட்டு, அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடும் நுழைவுக் குழாயும், பிடிக்காவிட்டால் அது அப்படியே அரைகுறையாகத் தொங்கிக் காயும். குழாய் இல்லாத கூடுகளைப் பார்த்து ‘காற்றில் பிய்ந்துவிட்டது’ என்று நினைப்பவர்கள் அதிகம், பெரும்பாலும் அவை பெண் வேண்டாமென்று விட்டுப்போனவை. கீழே விழுந்த கூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்சுவரில் ஈரமண் அப்பிக் காய்ந்திருப்பதைக் காணலாம். அதில் மின்மினியை ஒட்டி வெளிச்சம் வைத்துக்கொள்ளும் என்று ஊரில் கதை சொல்வார்கள், நான் பிரித்துப் பார்த்தவற்றில் மண் மட்டுமே இருந்தது. பழைய கூடுதானே என்று அலங்காரத்துக்கு அறுத்து வந்துவிடாதீர்கள். குருவி போன பிறகு அதே கூட்டில் சில்லைக் குருவிகள் வந்து ராத் தங்கும். பனி மாதங்களில் சாயங்காலம் பனையடியில் போய் நின்றால் ஒரு கூட்டுக்குள் நாலைந்து முட்டி மோதிக்கொண்டு நுழைவது தெரியும்.

காற்று தணிகிற வாக்கில் பனம்பழம் விழும், மயில் தோகை உதிரும். மயிலைப் பற்றி எனக்கு ரொம்ப அழகாகப் பேச வராது. தக்காளி நாற்றையும் நிலக்கடலைச் செடியையும் கொத்திப் போட்ட காட்டுக்காரியிடம் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். தோகை உதிர்ந்துவிட்டால் ஆண் மயிலும் பெட்டை மாதிரி மூளியாகத் திரியும், அதைக் காலண்டரில் குறிப்பதோடு சரி.

அப்புறம் மழை. மழைக்கு முன்னால் வருவது தட்டான். ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்று சொலவடையே இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில், காற்று திசை மாறுகிற அந்தக் குழப்பமான நாட்களில், கொரங்காட்டுக்கு மேலே ஆள் உயரத்துக்குப் பழுப்பு மஞ்சள் தட்டான்கள் நூற்றுக்கணக்கில் மிதக்கும். உட்காரவே உட்காராது. இந்த இனம்தான் கடல் தாண்டிப் போகிறது என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், தேங்கிய நல்ல தண்ணீரே பெரிதாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு வருடாவருடம் அக்டோபர் வாக்கில் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டே வந்து, இவை இந்தியாவிலிருந்து கிளம்பி மாலத்தீவு, செஷல்ஸ் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை மழையைத் தொடர்ந்து போகின்றன என்று 2009-ல் எழுதினார். அவரும் வந்த தேதியைத்தான் எழுதி வைத்திருக்கிறார், அதைப் படித்ததிலிருந்து என் காலண்டர் மேல் எனக்கே கொஞ்சம் மதிப்பு வந்துவிட்டது. இந்தத் தட்டான் தேங்கிய மழைத் தண்ணீரில் முட்டையிட்டு ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் குஞ்சு பொரித்துப் பறந்துவிடும். அதனால் மாட்டுத் தொட்டியைக் கழுவும்போது அடியில் சிலந்தி மாதிரி ஊர்கிற பழுப்புப் பூச்சிகளைப் பார்த்தால் வெளியே கொட்டாமல் ஒரு குண்டா தண்ணீரோடு எடுத்து வைத்துத் திரும்ப விட்டுவிடுவேன். கொசுப்புழுவைத் தின்பவை அவை.

தட்டானோடு சேர்ந்து பட்டாம்பூச்சியும் நகரும். வடகிழக்கு மழை பிடிக்கும் முன்னால் நீல வரியன் வகைகள் கிழக்கிலிருந்து மேற்கு மலையைப் பார்த்து ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். வழியில் கிலுகிலுப்பைச் செடி காய்ந்து நின்றால் அதில் கொத்துக் கொத்தாக உட்கார்ந்து தண்டை உறிஞ்சும். தேன் இல்லாத காய்ந்த குச்சியில் என்ன வேலை என்று தோன்றும். ஆண் பூச்சிக்குப் பெண்ணைக் கவர்கிற வாசனை தயாரிக்க அந்தச் செடியில் இருக்கிற ஒரு ரசாயனம் வேண்டும், அதற்குத்தான் அந்தக் கூட்டம். ஆகவே ஆவணியில் வேலியோரம் செதுக்கும்போது கிலுகிலுப்பையை மட்டும் விட்டுவைக்கச் சொல்வேன். எருக்கையும் அப்படித்தான். அதன் அடியிலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையம் போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது கறிவேப்பிலை அழகியின் புழு. செடி பெரிதாக இருந்தால் பத்துப் புழு தின்றாலும் தாங்கும், சின்னக் கன்றாக இருந்தால் புழுவை எடுத்துப் பக்கத்து எலுமிச்சையில் விடுங்கள், அதையும் தின்னும்.

முதல் உழவு மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் செம்மண்ணில் பட்டுப்பூச்சி வரும். சித்திரைக் கோடை மழைக்கும் கொஞ்சம் தலைகாட்டும். சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டிய பொட்டு ஒன்று தானாக நகர்வது மாதிரி இருக்கும். பூச்சி என்கிறோமே தவிர எட்டுக் கால், சிலந்தி உறவு. குட்டியாக இருக்கும்போது வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டி உறிஞ்சி வளரும், வளர்ந்த பிறகு மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்னும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் போய்விடும், ஆகையால் பார்க்க வேண்டியவர்கள் பால் ஊற்றிவிட்டு வந்த கையோடு போக வேண்டும். பிள்ளைகள் தீப்பெட்டியில் அடைத்துப் பள்ளிக்கூடம் எடுத்துப்போவதை நான் தடுப்பதில்லை, சாயங்காலம் எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. பொன்வண்டுக்கும் அதே சட்டம்.

‘அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்’ என்பார்கள். ஈசல் வருகிற சாயங்காலம் வாசல் விளக்கை அணைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தால் வேறொரு கூத்து நடக்கும். புற்றின் வாயில் முதலில் தலை பெருத்த சிப்பாய்க் கரையான்கள் வந்து வட்டமாக நிற்கும், பின்னால்தான் இறக்கை முளைத்தவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வரும். பல்லி, தேரை, கரிச்சான், மைனா, காக்கா, எங்கள் வீட்டுக் கோழி, யாரும் பாக்கியில்லை. விளக்கைப் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு விளக்கை மட்டும் வீட்டைவிட்டுத் தள்ளிப் போட்டு, அதற்குக் கீழே அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் வையுங்கள். வீட்டுக்குள் இறக்கை கூட்டுகிற வேலை மிச்சம். மழைக்கால விளக்குக்கு இன்னொன்றும் வரும். எறும்பு அளவில், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கிற மெலிந்த பூச்சி. அது கடிக்காது, ஆனால் கழுத்தில் உட்கார்ந்ததை அடித்து நசுக்கினால் அதன் ரசம் பட்டு மறுநாள் தீப்புண் மாதிரி கோடாகப் பொத்துவிடும். ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

வேலியில் இதே நேரம் கண்வலிக்கிழங்கு பூத்திருக்கும். செங்காந்தள் என்றால் மாநில மலர், எங்கள் பக்கம் அது விதைக்காகக் கம்பிப் பந்தல் போட்டு வளர்க்கிற பணப்பயிர், மூலனூர் சுற்றுவட்டாரத்தில் காடு காடாக இருக்கும். வேலியில் தானாக ஏறியது அதன் மூதாதை. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கிளுவையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். பூ முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் சிவப்பு, ஒரே கொடியில் மூன்றும் இருக்கும். செடி முழுக்க விஷம், கிழங்கில் இன்னும் அதிகம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லி வைத்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்கு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. விடிகாலையிலும் அந்தி சாய்கிறபோதும் இரண்டு சீழ்க்கையாகக் கூப்பிடும், மற்ற நேரம் அதிகம் சத்தம் இருக்காது. இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய்க் கண்ட இடத்தில் இறங்கிவிடும், வீட்டுக்குள்கூட நுழைந்துவிடும். ஒரு புரட்டாசிக் காலையில் கூடத்துக் கண்ணாடி ஜன்னலில் டொப்பென்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் திண்ணையில் கிடந்தது. முதுகு பச்சை, வயிறு சந்தன நிறம், வால் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சென்று ஒரு நீலத் துண்டு. வால் ஏறக்குறைய இல்லவே இல்லை. அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது தூரத்திலிருந்தே தெரிந்தது. அத்தை அவசரமாகச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். “வாயில ஊத்த வேண்டாங்க அத்தை, மூச்சுக்குழாய்ல போயிரும்” என்று தடுத்தேன்.

இப்படி அடிபட்ட பறவை கிடைத்தால் செய்ய வேண்டியது குறைவுதான். ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டை விரித்து, பறவையை உட்கார்ந்த நிலையில் வைத்து மூடி, பூனை, நாய், பிள்ளைகள் மூன்றும் எட்டாத அமைதியான இடத்தில் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கக் கூடாது. இருட்டுதான் மருந்து. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து உள்ளே கால் பிறாண்டும் சத்தம் கேட்டால் வெளியே மர நிழலுக்குக் கொண்டுபோய்த் திறக்கலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும். எங்களுடையது புளியமரத்தடியில் பெட்டியைத் திறந்ததும் ஒரு நொடி நின்று எங்களைப் பார்த்துவிட்டு, பறக்காமல் தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் பழைய கொசுவலைத் துணியைத் தொங்கவிட்ட பிறகு யாரும் வந்து மோதவில்லை.

இந்தக் குருவி சருகைக் கிளறித்தான் பூச்சியும் மண்புழுவும் தின்னும். சருகைக் கூட்டி எரித்தால் அதற்கு இங்கே வேலையில்லை. அங்கேதான் எனக்கும் அத்தைக்கும் வழக்கு. “குப்பையக் கூட்டாம வெச்சா பாம்பு வந்து படுத்துக்காதா?” அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் ஆன ஏற்பாடு இது: வாசலும் வீட்டைச் சுற்றி இருபதடியும் சுத்தமாகக் கூட்டிவிடுவது, விறகு, ஓடு, தென்னை மட்டை எதையும் சுவரை ஒட்டி அடுக்குவதில்லை, கோழித்தீவனம் இரவில் சிந்திக் கிடக்கக் கூடாது, ஏனென்றால் அதற்கு எலி வரும், எலிக்குப் பின்னால்தான் பாம்பு. புளியமரத்தடியும் வேலியோரமும் மட்டும் சருகுக்கு.

மேலே போகும் முன் பாம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மழை மாதங்களில் இயற்கையை ரசிக்கிறேன் என்று வெறுங்காலோடு அந்தியில் புல்லுக்குள் நடக்கக் கூடாது. டார்ச், செருப்பைவிட ஷூ, கையில் தரையைத் தட்ட ஒரு குச்சி. கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வரும், கடித்தது தெரியாது, வலியும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் சூடு, வாயு என்று கஷாயம் போடாமல் வண்டி எடுக்க வேண்டும். தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுப்பது நல்ல பாதுகாப்பு. கடிபட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை நான்கின் விஷத்துக்கும் ஒரே மருந்துதான், அதனால் பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை.

பனிக்காலம் வருவது மார்கழியில் என்றாலும் எனக்கு அது தை முதல் நாளுக்கு முந்தின நாள்தான். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வேண்டும். நல்ல மழை பெய்த வருடத்தில் படலைத் திறந்து வெளியே வந்தால் கைக்கு எட்டுகிற தூரத்தில் பூளைப்பூ வெள்ளை வெளேரென்று நிற்கும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்துபோய், ஜனவரி 2017-ல் அரசே வறட்சி என்று அறிவித்தது. அந்தத் தைப்பொங்கலுக்கு என் காலண்டரில் ‘பூளை வாய்க்கால் ஓரம் மட்டும்’ என்று இருக்கிறது. அந்த ஐப்பசிக் கட்டங்களில் ஈசலும் ஒரே ஒரு நாள்தான். மழைமானி இல்லாத வீட்டில் இது ஒரு மழைக்கணக்கு.

இந்த மாதங்களில் சோளக்குருவி வரும். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற ரோஜா நிற மைனா. சாயங்காலம் தங்கப்போகும் முன் கூட்டமாகச் சுழன்று சுழன்று பறப்பதைப் பார்க்க எங்கும் போக வேண்டாம், ஊருக்குள் செல்போன் கோபுரம் பக்கம் நின்றாலே போதும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க 2015 முதல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, வீட்டு வாசலில் 15 நிமிடம் உட்கார்ந்து கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் நீங்களும் சேர்ந்தாயிற்று. நான் கரும்பு கடித்துக்கொண்டே செய்வேன். மரங்களுக்கு என்றால் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து இலை, பூ, காய் எந்த அளவில் என்று பதிய வேண்டும். சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்கிற ஆப் உதவிதான், ஆனால் அது சொன்னதற்காக எழுதிவிடாதீர்கள், பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை பென்சிலில் குறியுங்கள். கரிச்சான் ஒன்று போதும், வேறு பறவை மாதிரி கத்தி ஆப்பையும் உங்களையும் சேர்த்து ஏமாற்றிவிடும்.

வெயிலில் கிளுவை இலையெல்லாம் கொட்டி வெறும் முள்ளாக நிற்கும். பங்குனியில் வேம்பும் புங்கனும் தளிர்க்கும், குயில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். காக்கா கூடு கட்டத் தொடங்கியதைக் குறித்துக்கொண்டால் குயில் ஏன் அந்த மரத்தையே சுற்றுகிறது என்று புரியும். ஆனி வாக்கில் புள்ளி போட்ட குயில் குஞ்சு காக்காவின் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு அலையும். சித்திரையில் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகள் மரத்தடியைவிட்டு வராது.

கோடை உழவுக்கு முன்னால் ஆள்காட்டிக் குருவியின் கூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடு என்று ஒன்றும் கிடையாது. வெட்டவெளியில் லேசாகக் குழித்த மண், சுற்றி நாலு கூழாங்கல், நடுவில் மண்நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டை, கூர்முனை நான்கும் உள்நோக்கி. நேரே மிதிக்கும் தூரத்தில் நின்றாலும் தெரியாது. உச்சிவெயிலில் தாய்ப்பறவை மாட்டுத் தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீரில் போய் உட்கார்ந்து வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டை மேல் நிற்கும், முட்டை சூடாகாமல் இருக்க. அது கத்திக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தால் நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்புங்கள். இடத்துக்கு அடையாளமாகக் குச்சி நட வேண்டாம், காக்கா வந்து அதன் மேல் உட்கார்ந்து முட்டையைக் கண்டுபிடித்துவிடும். நாலு பக்கமும் பத்துப் பத்தடி தள்ளி மண்கட்டி வைத்துவிட்டு, டிராக்டர் ஓட்டுகிற தம்பியிடம் நேரில் காட்டிவிட்டால் அந்த அளவுக்கு விட்டு ஓட்டிக்கொள்வார். நாலு வாரம் பொறுத்தால் போதும், குஞ்சு பொரித்த நாளே எழுந்து நடந்துவிடும்.

தண்ணீர் வைப்பவர்களுக்கு: அகலமாக, ஆழமில்லாத மண்சட்டி, நடுவில் தேனீ உட்கார ஒரு கல், தினமும் ஊற்றிக் கழுவி மாற்றுவது. வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் பூனை பதுங்கிப் பாய முடியாது.

கணக்கு எழுதியதால் கைமேல் கிடைத்த பலன் ஒன்று உண்டு. இரண்டு மூன்று வருடம் முன்பு ஐப்பசி வாக்கில் ஊர் முழுக்க வேப்பமரங்கள் கொழுந்து நுனியிலிருந்து கருகிக் காய ஆரம்பித்தன. தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சுவதும் பூஞ்சாணமும் சேர்ந்து செய்கிற வேலை. பட்டுப்போன மரம் என்று விறகுக்காரர் விலை பேச வந்துவிட்டார், மாமாவும் பாதி மனதாக இருந்தார். பரணிலிருந்து பழைய காலண்டரை எடுத்துக் காட்டினேன். முந்தின வருடம் கார்த்திகையில் ‘கிணற்று வேம்பு நுனி கருகல்’, பங்குனியில் அதே மரத்துக்கு ‘முழுத் தளிர்’. “சரி, பங்குனி வரைக்கும் பாக்கலாம்” என்று மாமா சொல்லிவிட்டார். பங்குனியில் அது தளிர்த்து, பூத்து, ஆனியில் பழமும் விட்டது. ரோட்டோரம் வெட்டிப்போட்ட மரங்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

இப்போதைய கவலை தெற்கு வேலி. பக்கத்துக் காடு கைமாறிவிட்டது, வாங்கியவர் கிளுவையை இயந்திரம் விட்டுப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடலாம், செலவில் பாதி தருகிறேன் என்கிறார். அந்த வேலியில்தான் கண்வலிக்கிழங்கு, கோவைக்கொடி, கொம்புத்தேன், கௌதாரி ராத் தங்குகிற இடம் எல்லாம். கம்பி வேண்டுமென்றால் அவர் பக்கம் போட்டுக்கொள்ளட்டும், கிளுவை எங்கள் எல்லைக்குள் இருக்கட்டும் என்று மாமா பேசியிருக்கிறார். இடைவெளி விழுந்த இடங்களுக்கு மழை பிடித்ததும் கிளுவைக் கிளைத்துண்டை, அதாவது போத்தை, நட வேண்டும், ஆடு மேய்க்கிற அண்ணன் வடக்கு வேலியிலிருந்து வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலண்டரில் புரட்டாசிப் பக்கத்தில் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.